வார்த்தை சொன்னால் ஆஜர்

1982 ஜூன் 14 — பள்ளிக் கட்டணம், நோட்டு, பேனா — ரூ. 38.50
1982 ஆகஸ்ட் 9 — ஆங்கிலம்–தமிழ் அகராதி, பழையது — ரூ. 11.00
1982 நவம்பர் 8 — மஞ்சள்காமாலை மருந்து, வெற்றிலை பாக்குடன் — ரூ. 1.25
1983 ஜனவரி 6 — பரீட்சைக் கட்டணம் — ரூ. 32.00
1983 பிப்ரவரி 21 — டாக்டர் சர்டிபிகேட் — ரூ. 15.00
1983 பிப்ரவரி 22 — மனுவுக்குச் சலான் — ரூ. 25.00
1983 பிப்ரவரி 28 — திருநெல்வேலி பஸ், இரண்டு பேர், போக வர — ரூ. 17.60

மகள் ஜெயகுமாரியின் பன்னிரண்டாம் வகுப்புக்காக ஆசீர்வாதம் செலவழித்த கணக்கு இது. அவருக்கு எழுத வராது. சம்பள நாளன்று வந்து சொல்வார், நான் எழுதி வைப்பேன். கோவில்பட்டி ரயில் நிலையத்தை அடுத்து இருந்த பருத்தியிலிருந்து பஞ்சு பிரிக்கும் ஒரு ஜின்னிங் பேக்டரியில் அவர் பஞ்சைப் பேல்களாக, பெரிய பொதிகளாக, கட்டும் வேலை பார்த்தார். நான் அங்கே ஆஜர் எடுக்கும் டைம் கீப்பர்.

ஜெயகுமாரி 1965இல் பசுவந்தனையில் பிறந்தவள். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆசீர்வாதம் குடும்பத்தோடு கோவில்பட்டிக்கு வந்துவிட்டார். மனைவி நேசம்மாள். ஒரே மகள். ஆசீர்வாதத்தின் அக்கா மேரிராணி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். தம்பி மகளை அங்கேயே நர்ஸ் படிப்பில் சேர்த்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். 1983 மார்ச்சில் ஜெயகுமாரி பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, ஜூன் பதினைந்துக்குள் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்துக்குத்தான் மேரிராணியின் சொல் செல்லும். அடுத்த வருஷம் சேர்க்கை நடக்கும்போது அவள் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பாள். ஆகவே அந்த மார்ச் பரீட்சையை விட்டால் வேறு வழி கிடையாது. இது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பின் வகுப்பாசிரியர் எபநேசர் சார். ஆங்கிலம் அவர்தான் எடுத்தார். நாகலாபுரம் பக்கத்திலிருந்து மாறி வந்தவர். கிராமத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டுப் பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போன காலத்தில், வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் வாய் திறக்க முடியாமல் சக மாணவர்களின் சிரிப்பை வாங்கியவர். தம்மிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அது நேரக்கூடாது என்று அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்.

முந்தைய நாள் ஆங்கிலப் பத்திரிகையைப் பாதி விலைக்கு வாங்கி, அதிலிருந்து பத்துக் கடின வார்த்தைகளைப் பொறுக்கி, சாயங்காலம் கரும்பலகையின் வலது மூலையில் எழுதிப் போடுவார். மறுநாள் காலை ஆஜர் எடுக்கும்போது பெயரைக் கூப்பிடமாட்டார். வரிசை எண்ணையும் அந்தப் பத்தில் ஒரு வார்த்தையையும் சொல்வார். அந்த எண்ணுக்குரியவர் எழுந்து, அந்த வார்த்தையை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால் ஆஜர். சொல்லாவிட்டால் பதிவேட்டில் அந்தக் காலை வேளைக்கு, அதாவது அரை நாளுக்கு, சிவப்பு மையில் ஆப்சென்ட்.

"வார்த்தை தெரியாதவன் வகுப்புல இல்ல. உடம்பு மட்டுந்தான் வந்திருக்கு. உடம்புக்கு நான் ஆஜர் போடமாட்டேன்" என்பார்.

ஈரமில்லாதவரும் அல்ல. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறைக்கு வந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், சிவப்புக்கு மேல் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு ஆஜராக்கிவிடுவார். தினமும் ஏழெட்டுப் பேர் அப்படிப் போய் நின்று ஆஜராகித் திரும்புவார்கள்.

வகுப்பில் நடந்ததெல்லாம் செண்பகராஜ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெயகுமாரியோடு படித்தவன். பிற்பாடு எங்கள் பேக்டரிக்கு எடைக் குமாஸ்தாவாக வந்தான். அவன் எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் சமாளிப்பவன். ஒருநாள் அவனுக்கு 'ரிலக்டன்ட்' வந்தது. மனமில்லாமல் இருப்பது என்று பொருள்.

"ஐ ஆம் ரிலக்டன்ட் டு கம் டு யுவர் கிளாஸ், சார்" என்றானாம்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "உண்மையச் சொன்னதுக்காக ஒனக்கு ஆஜர்" என்று போட்டாராம்.

ஜெயகுமாரிக்கு வார்த்தைகள் தெரியாமல் இல்லை. பத்துக்குப் பத்தும் அகராதி பார்த்து எழுதிப் படிப்பாள். ஆனால் எழுந்து நின்றால் வாக்கியம் வராது. அதற்குக் காரணம் நேசம்மாளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவளும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. 'பெனெவலன்ட்' என்ற வார்த்தை வந்த அன்று சாயங்காலம் அடுப்படியில் நடந்த பேச்சை நேசம்மாள் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"அதுக்கு என்னட்டி அர்த்தம்?"

"தாராள மனசுள்ளவுகன்னு அர்த்தம்மா."

"எங்க மாமா தாராளமானவியன்னு சொல்லிட்டு உக்கார வேண்டியதுதான?"

"எந்த மாமாம்மா? விதைக் கம்பு கேட்டுப் போனதுக்கு நாயை அவுத்து விட்டாவளே, அந்த மாமாவா?"

"சாருக்கு ஒங்க மாமாவத் தெரியுமாக்கும்?"

"எனக்குத் தெரியுமே."

பொய்யாக ஒரு வாக்கியம் அவளுக்குச் சொல்ல வராது. மற்றப் பிள்ளைகள் இல்லாத மாமாவையும் பார்க்காத கடலையும் வைத்து டக்கென்று சொல்லி ஆஜராகிவிடும். இவள் எழுந்து நின்று, அந்த வார்த்தைக்குத் தன் வாழ்க்கையில் நிஜமாகப் பொருந்துவது எது என்று தேடிக்கொண்டிருப்பாள். அதற்குள் சார், "சிட் டவுன்" என்று சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். அடுத்த எண்ணைக் கூப்பிடும்போது இவளுக்கு வாக்கியம் கிடைத்துவிடும். அதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள்.

மத்தியானம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் மத்தியானம் அவள் பள்ளியில் இருந்ததில்லை. ஆசீர்வாதத்துக்குக் குடல் புண். வேளை தவறாமல், காரமில்லாமல், சூடாகச் சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நேசம்மாள் பதினொரு மணிக்குமேல் வடித்து வைப்பாள். பள்ளி மணி அடித்ததும் ஜெயகுமாரி வீட்டுக்கு ஓடி, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பேக்டரிக்கு வந்து, அப்பா சாப்பிட்டு முடித்ததும் சட்டியைக் கழுவி வீட்டில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்புவாள். நான் கேட் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பேன். தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொள்ளும் என்று துண்டைப் போட்டுக்கொண்டு வருவாள். ஆசீர்வாதம் சட்டியைத் திறந்து, "சூடு இருக்குட்டி" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் அவள் சுவரோரம் உட்காருவாள்.

நவம்பரில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. அந்த வியாதிக்கு எங்கள் பக்கத்தில் யாரும் டாக்டரிடம் போவதில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கும் ஒருவரிடம் போனார்கள். பத்தியம் இருந்து, பதினேழு பள்ளி நாட்கள் படுத்துக் கிடந்து தேறினாள்.

திரும்பிப் போன அன்று லீவு லெட்டர் கொடுக்க வேண்டும். லீவு லெட்டரையும் ஆங்கிலத்தில், தாம் கொடுத்த வார்த்தைகளில் மூன்றையாவது போட்டு எழுத வேண்டும் என்பது எபநேசர் சாரின் இன்னொரு வழக்கம். எல்லாரும் 'ஃபீவர்' என்று எழுதுகிற இடத்தில் அவள், மஞ்சள்காமாலையால் பீடிக்கப்பட்டேன், தேறி வருவது மெதுவாக இருந்தது, இழந்த பாடங்களை எண்ணி உள்ளபடியே வருந்துகிறேன் என்ற பொருளில் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். 'ஜான்டிஸ்' என்பதை ஓர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். சார் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். தலைமையாசிரியர் இராமச்சந்திரனிடமும் காட்டினார். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, தம் பைலில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அவள் வரிசை எண்ணைச் சொல்லி, 'பதினேழு, பெர்சிவியர்' என்று சார் கூப்பிட்டார். விடாமல் முயல்வது என்று பொருள். அவள் எழுந்து நின்று யோசித்தாள். சிவப்பு மை.

1983 பிப்ரவரி 17 வியாழக்கிழமை இராமச்சந்திரன் ஆசீர்வாதத்தை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ஹால் டிக்கெட்டுக்காக எல்லாருடைய வருகையையும் கூட்டியிருந்தார்கள். பள்ளி நடந்த நாள் 180. பரீட்சை எழுத 135 நாள் வந்திருக்க வேண்டும். ஜெயகுமாரிக்கு 132 தான் இருந்தது.

"மூணு நாள் குறையுது" என்றார் இராமச்சந்திரன்.

"சார், அவ தினமும் வாராளே. யூனிபாரம் போட்டுக் கிளம்புதத நான் கண்ணால பாக்கேனே."

"ரிஜிஸ்டர்ல இல்லியே. நோயில பதினேழு நாள். அது போக அறுபத்திரண்டு காலை வேளை ஆப்சென்ட். அதுல முப்பத்தோரு நாள் போச்சு."

"அறுபத்திரண்டு காலை எங்க சார் போனா?"

இராமச்சந்திரன் சன்னல் பக்கம் பார்த்தாராம். எபநேசர் சாரின் வழக்கம் அவருக்குத் தெரியும். மத்தியானம் எல்லாம் சரியாகிவிடுகிறது என்றுதான் அவரும் நினைத்திருந்தார். அதை அவரே ஆசீர்வாதத்துக்கு விளக்கிச் சொன்னார்.

ஆசீர்வாதம் நேரே பேக்டரிக்கு வந்தார். என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"அண்ணாச்சி, நீங்களும் ஆஜர் எடுக்குதீங்க. பேலுக்கு மேல ஏறிப் படுத்துத் தூங்குதவனுக்கு என்ன போடுதீங்க?"

"ஆஜர்தான். தூங்குனதுக்கு மேஸ்திரி தனியா வைவாரு."

"எம்பிள்ள தூங்கக்கூட இல்லியே அண்ணாச்சி."

அன்று மத்தியானம் ஜெயகுமாரி சட்டியோடு வந்தாள். அவர் திறக்கவில்லை.

"மத்தியானம் போய்ச் சொன்னா ஆஜராக்கிருவாவளாமே. நீ ஏம்ட்டி போகல?"

அவள் சட்டியைப் பார்க்கக்கூடாது என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் புரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது. அவர் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இனிமே நீ கொண்டுவர வேண்டாம். காலைலயே நான் எடுத்துட்டு வாரேன்" என்று கடைசியில் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவரும் நானும் எபநேசர் சார் வீட்டுக்குப் போனோம். கலக்கத்தில் சார் எங்களை உட்காரச் சொல்லவே மறந்துவிட்டார்.

"நான் கூட்டிப் பாக்கல அண்ணாச்சி. எல்லாப் பிள்ளையளும் வந்துருதுக. இவ மட்டும் ஒருநா கூட வரல. திமிருன்னு நெனச்சேன்."

"எனக்குச் சோறு கொண்டாருவா சார்" என்றார் ஆசீர்வாதம்.

"அத ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா அவ?"

"நீங்க கேட்டீயளா சார்?"

சார், பதிவேட்டில் போட்டதைத் திருத்த இனி வழியில்லை என்றார். ஜனவரி வரைக்கும் பள்ளி இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. அந்த அறுபத்திரண்டு காலையும் பிள்ளை வகுப்பில்தான் இருந்தாள், தாம் போட்டது தவறு என்று எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பதிவேட்டில் பொய் எழுதியதாக அவரே ஒப்புக்கொள்வதாக ஆகும். ஜூனில் அவருக்குப் பதவி உயர்வு வர இருந்தது. உள்ளே இரண்டு பெண் குழந்தைகள் பாடம் படிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாள் டயம் குடுங்க. யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

அந்த இரண்டு நாளில் இராமச்சந்திரன் வேறு வழி சொன்னார். குறைவது மூன்றே நாள். நோய்க்காக வராத பதினேழு நாளுக்கு டாக்டர் சர்டிபிகேட் வைத்து மனுப் போட்டால், குறையைப் பொறுத்துக்கொண்டு அனுமதி கொடுக்கத் திருநெல்வேலிக் கல்வி அலுவலகத்தில் அதிகாரம் உண்டு. யாருக்கும் கேடில்லை. எபநேசரும் தப்பிப்பார். ஆசீர்வாதம் சம்மதித்தார். ஆனால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர் சர்டிபிகேட் எழுதுவாரா?

பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதித் தரும் ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர், "மஞ்சக்காமாலைன்னு போட்டா, அப்ப நீங்க யாருட்டயும் காட்டலியேன்னு தோண்டுவான். டைபாய்டுன்னு போடுதேன். ஊர்ல பாதிப் பேருக்கு வந்துச்சு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பள்ளியில் மனுவை டைப் அடித்துக் கொடுத்தார்கள். ஜெயகுமாரி கையெழுத்துப் போட வேண்டும். அவள் படித்துப் பார்த்தாள்.

"அப்பா, எனக்கு டைபாய்டு வரலியே."

"தெரியும்ளா."

"இதுல 'கண்டோன்' செய்யணும்னு போட்டிருக்கு. செப்டம்பர்ல சார் குடுத்த வார்த்தை."

"அப்படின்னா?"

"தப்பு நடந்திருக்குன்னு தெரிஞ்சும் பொறுத்துக்கிடுதது."

"யாரு தப்ப?"

"அதப் போடல."

நேசம்மாள் குறுக்கே வந்து, "ஏட்டி, நர்ஸாவணுமா வேண்டாமா? போடு கையெழுத்த" என்றாள். ஜெயகுமாரி போட்டாள். வழக்கமாக நீட்டி எழுதுகிற பெயரை அன்று சிறியதாக எழுதினாள் என்று ஆசீர்வாதம் சொன்னார். படிக்கத் தெரியாவிட்டாலும் மகள் பெயரின் நீளம் அவருக்குத் தெரியும்.

இதில் இராமச்சந்திரன் செய்த காரியம் ஒன்று உண்டு. பிள்ளை கெட்டிக்காரி, சோம்பேறி இல்லை என்று மேலதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அதற்கு அத்தாட்சியாக, பைலில் போற்றி வைத்திருந்த அந்த லீவு லெட்டரையும் மனுவோடு சேர்த்துக் குண்டூசி குத்தி அனுப்பினார். சர்டிபிகேட்டில் டைபாய்டு. லெட்டரில் அழகான ஆங்கிலத்தில் மஞ்சள்காமாலை. இரண்டையும் அவர் சேர்த்து வைத்துப் படிக்கவில்லை.

அதிகாரி படித்தார். 28ஆம் தேதி நேரில் வரும்படி ஆள்மூலம் சொல்லி அனுப்பினார்கள். தகப்பனும் மகளும் திருநெல்வேலிக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் வயதானவர். அதட்டிப் பேசுகிறவர் இல்லை. இரண்டு காகிதத்தையும் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது நீ எழுதுனதாம்மா?"

"ஆமா சார்."

"நல்லா எழுதிருக்க. இதுல ஒண்ணு போட்டிருக்கு, இதுல ஒண்ணு போட்டிருக்கு. எது நிஜம்?"

டாக்டருக்கு முதலில் சரியாகத் தெரியவில்லை என்று ஏதாவது சொல்லலாம் என ஆசீர்வாதம் வாயெடுக்கும் முன்னே அவள் சொல்லிவிட்டாள்.

"மஞ்சக்காமாலை சார்."

"அப்ப இது?"

"அது பொய் சார்."

அதிகாரி மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். "இத நான் மேல அனுப்ப முடியாதும்மா. இதுக்காகக் கேஸும் எழுதல. வேற நியாயமான காரணம் இருந்தா ஒங்க ஸ்கூல்ல எழுதி அனுப்பச் சொல்லு. சீக்கிரம்."

திரும்பும்போது பஸ்ஸுக்கு வெளியே ஒரு பக்கமும் பச்சை இல்லை. அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. கயத்தாறு தாண்டியதும் ஆசீர்வாதம் சொன்னார்.

"பதில் சொல்லுமுன்ன ஒரு நிமிஷம் நிதானிச்சிருக்கலாம்லாட்டி."

"நிதானிச்சு நிதானிச்சுத்தானப்பா அறுபத்திரண்டு ஆப்சென்ட் வாங்கினேன்."

ஆசீர்வாதம் இதை என்னிடம் சொன்னபோது கோபமாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

மார்ச் 2ஆம் தேதி எபநேசர் சார் தாமாகவே ஒரு முழுப்பக்கம் எழுதி இராமச்சந்திரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். திருநெல்வேலியில் நடந்ததைச் செண்பகராஜ்தான் அவரிடம் சொல்லியிருந்தான். அறுபத்திரண்டு காலையும் அந்தப் பெண் வகுப்பில் இருந்தாள். பாடம் சொல்லாததற்குத் தண்டனையாக, விதிக்கு மாறாக நானே ஆப்சென்ட் போட்டேன் என்று எழுதியிருந்தார்.

"இத அனுப்புனா ஒங்களுக்கு என்ன வரும்னு யோசிச்சீங்களா?" என்று இராமச்சந்திரன் கேட்டார்.

"ரெண்டு நாள்னு சொல்லிட்டுப் பன்னெண்டு நாளா அதைத்தான் சார் யோசிச்சேன். அந்தப் பிள்ளை யோசிக்கலியே."

அந்தக் கடிதம் அன்றே தபாலில் போயிற்று. சாருக்குப் பிற்பாடு மெமோ வந்தது. ஓராண்டு சம்பள உயர்வு நின்றது. ஜூனில் பதவி உயர்வு அவரைத் தாண்டி இன்னொருவருக்குப் போயிற்று.

மறுநாள் காலை அவர் ஆஜர் எடுக்கும்போது வெறும் பெயர்களைக் கூப்பிட்டார். முந்தின சாயங்காலம் எழுதியது துடைக்கப்பட்டு, கரும்பலகையின் மூலை காலியாக இருந்தது. "அன்னைக்குன்னு பாத்து நான் சோகம்னு அர்த்தம் வர்ற 'மெலங்கலி'க்கு நல்ல வாக்கியம் ஒண்ணு தயார் பண்ணிட்டுப் போயிருந்தேன். கேக்கவே இல்ல. எஸ் சார்னு சொல்லிட்டு உக்காந்தோம். எல்லாருக்கும் ஒருமாதிரி இருந்துச்சு" என்றான் செண்பகராஜ். ஜெயகுமாரியின் பெயரைக் கூப்பிட்டபோது, "எஸ் சார்" என்ற சத்தம் உடனே வந்ததாம். சார் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லையாம்.

பிறகு காத்திருப்புத்தான். இராமச்சந்திரன் இரண்டு தடவை தந்தி கொடுத்தார். ஒரு தடவை ஆளே அனுப்பினார். "பைல் நகர்ந்திருக்கிறது" என்ற பதில்தான் கிடைத்தது. மற்றப் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். ஜெயகுமாரி வீட்டில் விடாமல் படித்தாள். மத்தியானம் அப்பாவுக்குச் சட்டி கொண்டுவர அவளுக்கு இப்போது நேரம் இருந்தது. அவர் வேண்டாம் என்றார். காலையில் கட்டி எடுத்துவந்த ஆறிய சோற்றைத்தான் தின்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேல்களுக்குப் பின்னால் போய் உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். வேலையை விட்டு நின்ற நாள் வரைக்கும் அவர் மத்தியானம் சூடாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 21 திங்கட்கிழமை பரீட்சை தொடங்கியது. தமிழ் முதல் தாள். ஜெயகுமாரி யூனிபாரம் போட்டுக்கொண்டு, மைபோட்ட பேனாவோடு பள்ளிக்கு முன்னால் வேப்பமரத்தடியில் போய் நின்றாள். தபால் எந்த நேரமும் வரலாம் என்று இராமச்சந்திரன் சொல்லியிருந்தார். மணி அடித்தது. அரை மணி நேரத்துக்குமேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அந்த அரை மணியும் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை தமிழ் இரண்டாம் தாள். அன்றும் போய் நின்றாள். அன்று அவள் திரும்பும்போது எபநேசர் சார், தாம் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த அறையின் சன்னலோரம் வந்து நின்றதாகவும், இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததாகவும் செண்பகராஜ் சொன்னான். எழுதிக்கொண்டிருந்தவன் எப்படிப் பார்த்தான் என்று கேட்டேன். "எனக்கு எழுத என்ன இருந்துச்சு அண்ணாச்சி, வெளிய பாக்கத்தான் நேரம் இருந்துச்சு" என்றான்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிச்சமிருந்த தாள்களை எல்லாம் அவள் அந்த மார்ச்சிலேயே எழுதினாள். ஆங்கிலத்தில் இருநூறுக்கு 131 மதிப்பெண். அந்தப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களில் அதுதான் கூடுதல். தமிழை மட்டும் அக்டோபரில் எழுதித் தேறினாள். முழு மதிப்பெண் பட்டியல் டிசம்பரில் கைக்கு வந்தது. நர்ஸ் படிப்புக்குச் சேர்க்கை ஜூனில் முடிந்திருந்தது. மேரிராணி பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் ஜெயகுமாரி மனுப் போட்டாள். இன்டர்வியூவுக்குக்கூட அழைப்பு வரவில்லை.

1985 ஜூலையில் பஜாரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை எடுத்து வரிவரியாகப் படித்து, வாங்க வந்தவரிடம், "இதச் சாப்ட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க, தலை கிறுகிறுக்கும்," "வயித்துப் புண்ணு இருந்தா இது ஆகாது அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவாள். "நீ இப்படி எல்லாத்தையும் ஒடச்சுச் சொன்னா எவன் வாங்குவான்?" என்று முதலாளி குறைப்படுவார். அவள் சொல்வதை நிறுத்தவில்லை. 1987இல் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு லாரி ஷெட்டில் வேலை. அதன்பிறகும் கடைக்கு வந்துகொண்டிருந்தாள். எபநேசர் சார் அந்தக் கடைக்கு மாத்திரை வாங்க வருவார். அவள் எடுத்துக் கொடுப்பாள். காகிதத்தைப் படித்துச் சொல்வாள். அவரும் ஆங்கிலம் தெரிந்தவர் என்பதையே காட்டிக்கொள்ளாமல், நின்று முழுவதும் கேட்டுக்கொண்டு போவார். வேறு பேச்சு இருவருக்கும் இருந்ததில்லை.

இனி அந்தக் கடைசிக் கடிதம். திருநெல்வேலியிலிருந்து வந்த உத்தரவு அது. நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரே பக்கம். ஆசிரியரின் விளக்கம் ஏற்கப்பட்டது. மேற்படி மாணவியின் வருகைக் குறைவு பொறுத்துக்கொள்ளப்படுகிறது. மார்ச் 21ஆம் தேதி தொடங்கும் பரீட்சையின் எல்லாத் தாள்களையும் எழுத அவள் அனுமதிக்கப்படுகிறாள் என்று இருந்தது. கீழே கையெழுத்தோடு போட்டிருந்த தேதி மார்ச் 14. அது பள்ளிக்கு வந்து சேர்ந்தது 1983 மார்ச் 23, புதன்கிழமை.